மலை சுற்றும் ஊரில் குடும்ப வீடு: திருவண்ணாமலைப் புறநகரில் வாடகைக்குக் குடியேறுதல்

பிற மாவட்டத் தலைநகரங்களில் வாடகை வீடு தேடும் குடும்பம் பள்ளி, அலுவலகம், பேருந்து நிலையம் ஆகியவற்றின் தொலைவை வைத்தே பெரும்பாலும் முடிவெடுத்துவிடலாம். திருவண்ணாமலையில் அவற்றோடு நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடப்பதும், கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டி நகரின் போக்குவரத்தே மாற்றியமைக்கப்படுவதும் அப்பாதையை அடுத்துக் குடியிருப்பவரின் அன்றாடத்தை நேரடியாகத் தொடுகின்றன. வீடு பார்க்க வருபவர் பெரும்பாலும் சாதாரண நாளொன்றின் காலையில் வருகிறார். தெரு அமைதியாக இருக்கிறது, மாடியில் நின்றால் மலை முழுவதும் தெரிகிறது, அந்த நிறைவிலேயே அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அதே தெரு பௌர்ணமி இரவில் எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறையேனும் நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்பது இவ்வூரைப் பொறுத்தவரை வழிகாட்டுதல்களில் முதலாவது.

இங்கே பேசப்படுவது, இரண்டு அல்லது மூன்று படுக்கையறைகளோடு, நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் ஓராண்டுக்கு மேல் தங்கக்கூடிய வீடு. ஆசிரமங்களுக்கு வருவோருக்கென நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் விடப்படும் அறைகளின் வழக்கம் வேறு, வாடகை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை பேசுவது குடும்பத்துக்கு நட்டமாகவே முடியும்.

புறநகரின் திசைகள்

1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வடஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானதிலிருந்து திருவண்ணாமலை, கோயிலையும் மாடவீதிகளையும் விட்டு வெளியே சாலைகளின் வழியாக வளர்ந்துவந்திருக்கிறது. நகராட்சியாக இருந்த ஊர் 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. வேலூர்ச் சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால், அரசு ஊழியர் குடும்பங்கள் நாடும் பகுதியாக உருவானது. மேற்கே செங்கம் சாலையில், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தையும் இரமணாசிரமத்தையும் ஒட்டி இரமண நகர் வளர்ந்தது. அவலூர்பேட்டைச் சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை, மணலூர்பேட்டைச் சாலை ஆகியவற்றின் இருபுறமும், ஒருகாலத்தில் நெல்லும் மணிலாவும் விளைந்த நிலங்களில் மனைப்பிரிவுகள் எழுந்துள்ளன. (வேர்க்கடலைக்கு இப்பகுதி வழங்கும் பெயர் மணிலா என்பது வெளியூரார் அறிய வேண்டிய ஒன்று.)

இவற்றுள் இரமண நகரும் அதனை அடுத்த கிரிவலப் பாதைப் பகுதிகளும் வாடகையில் தனி உலகம். மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கும் வரையிலான குளிர்மாதங்களில் வெளிநாட்டினரும் வடநாட்டினரும் பெருமளவில் வந்து தங்குவதால், மூன்று மாத வாடகையிலேயே ஓராண்டு வருவாயின் பெரும்பகுதியை ஈட்டிவிட முடியும் என்பதை வீட்டுக்காரர்கள் அறிவர். ஆகவே குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் விடுவதற்குத் தயங்குவதும், விட்டாலும் சீசனுக்கு முன் காலி செய்யும்படி கேட்பதும் இங்கே நடக்கக்கூடியவை. ஆசிரமத்தில் அன்றாடம் தியானத்துக்கு அமர வேண்டும் என்ற விருப்பமுள்ள குடும்பத்துக்கு அந்த வாடகை தகும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் காலை எட்டு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டிய பெற்றோரும் உள்ள குடும்பத்துக்கு, பாதையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் விலகிய கிழக்குப் பக்கச் சாலைகளே பொருத்தம். மலை அங்கிருந்தும் தெரிகிறது, வாடகையும் வழியும் கட்டுக்குள் இருக்கின்றன.

பாதையை ஒட்டிய இடங்களை உள்ளூரார் இலிங்கங்களின் பெயராலேயே சுட்டுவர். கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் ஒன்றாக அமைந்த இந்திர, அக்கினி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசானிய இலிங்கங்களே அஷ்ட லிங்கங்கள் எனப்படுபவை. தரகர், ‘எமலிங்கத்துக்குப் பின்னாடி’ என்று சொன்னால் அது மலையின் தென்புறம் என்றும், ஈசானியம் என்றால் வடகிழக்கு என்றும் கொள்ள வேண்டும். அவ்வாறு சொல்லப்படும் வீடு பாதைக்கு உட்புறம், அதாவது மலைப்பக்கம் இருக்கிறதா, வெளிப்புறம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பௌர்ணமியன்று பாதையில் வாகனங்கள் தடுக்கப்படுவதால், உட்புற வீட்டுக்குப் போகும் எந்த வழியும் நடப்போர் வெள்ளத்தைக் கடந்தே ஆக வேண்டும். வெளிப்புற வீட்டுக்குப் பின்வழி ஒன்று இருக்குமானால் பிரசவ வலிக்கோ நெஞ்சுவலிக்கோ ஆட்டோ வந்து சேர முடியும். முதியவரோ கருவுற்றவரோ உள்ள குடும்பம் இந்த ஒரு காரணத்துக்காகவே உட்புற வீட்டைத் தவிர்ப்பது நல்லது.

மலைப்பக்க வீடுகளைக் குறித்து இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாளான 2024 டிசம்பர் 1 அன்று, பெருமழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்ததில், ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். அடிவாரச் சரிவில் மேடேறிச் செல்லும் தெருக்களில் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் படிக்கட்டு மட்டும் அன்று. வீட்டுக்குப் பின்னால் வெட்டப்பட்ட மண் சுவரோ, தனித்து நிற்கும் பெரும்பாறையோ, மழைநீர் அரித்த தடமோ தெரிந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் அவ்வீடு குடும்பத்துக்கு உரியதன்று. அத்தகைய இடங்கள் பல பட்டா இல்லாத நிலத்தில் அமைந்திருக்கக்கூடும் என்பதால், பட்டா, அதாவது நிலவுரிமையைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணம், வீட்டுக்காரரிடம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

சரிவின் ஆபத்துக்கு எதிர்முனையில் இருப்பது தாழ்வின் தொல்லை. ஏரிகளின் நீர் பாய்ந்த வயல்களே பல மனைப்பிரிவுகளாக மாறியிருப்பதால், ஏரி நிரம்பும் ஆண்டுகளில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வருகிறது. வீட்டுக்காரரைக் கேட்பதைவிடத் தெருமுனை மளிகைக் கடைக்காரரைக் கேட்பது பயன் தரும். அதையும்விட, சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தைக் குனிந்து பார்த்தால், முழங்கால் உயரத்தில் நேர்கோடாக ஓடும் செம்மண் கறை கேட்காமலே பதில் சொல்லிவிடும்.

தண்ணீர்

வீட்டின் அறைகளை அளப்பதற்கு முன் அதன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை கடும்பாறை நிலத்தின்மேல் அமைந்த ஊர். பாறைப் பிளவுகளில் தங்கும் நீரையே ஆழ்துளைக் கிணறு எடுத்துத் தருவதால் ஒரு தெருவில் வற்றாத போர் இருக்க, அடுத்த தெருவில் சித்திரையிலேயே காற்று வருவதும் இயல்பு. நகரின் குழாய்களில் வரும் குடிநீருக்குத் தென்பெண்ணையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட சாத்தனூர் அணை முக்கிய ஆதாரம். எனவே ஒரு வீட்டில் இருவகை நீர் பேச்சில் வரும்: போர் நீர் ‘உப்புத் தண்ணி’, குழாய் நீர் ‘நல்ல தண்ணி’. நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த நேரத்தில், மாடிவரை ஏறுகிறதா, அல்லது கீழே நின்று குடத்தில் பிடித்துத் தூக்க வேண்டுமா என்ற நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘தண்ணிப் பிரச்சினையே இல்லைங்க’ என்ற பதில் போர் நீரைப் பற்றியது மட்டுமாக இருக்கலாம்.

போர் நீரின் தன்மையைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். குளியலறைக் குழாயின் முனையிலும் வாளியின் உட்புறத்திலும் வெண்மையாகக் கல்லைப்போல் படிந்த உப்பு, அந்த நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்திருப்பதைக் காட்டுகிறது. அத்தகைய நீரே கடினநீர் எனப்படுகிறது. கடினநீரில் சோப்பு நுரைக்காது, துவரம் பருப்பு எளிதில் குழையாது, கீசரின் உள்ளே படிவு சேர்ந்து விரைவில் பழுதாகும். அப்படியானால் சமையலுக்கும் குடிப்பதற்கும் கேன் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது மாதச் செலவில் நிலையான ஒரு வரியாகிவிடும். ஆகவே, ஐந்நூறு ரூபாய் கூடுதல் வாடகைக்கு நல்ல தண்ணீர் மாடிவரை ஏறும் வீடு கிடைத்தால் அதுவே மலிவான வீடு.

அடுத்துத் தரைத்தொட்டியின், அதாவது சம்ப்பின், மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரே சம்ப்பிலிருந்து எத்தனை போர்ஷன்களுக்கு நீர் ஏறுகிறது, மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்காரர் வெளியூர் போனால் அதை யார் போடுவது என்பவை முதல் வாரத்திலேயே சச்சரவாகும் செய்திகள். போர்ஷன் என்பது ஒரே கட்டடத்தில் தனிச் சமையலறையோடு தடுத்து விடப்படும் பகுதி. திருவண்ணாமலைப் புறநகரில் குடும்ப வீடு என்று கிடைப்பவை பெரும்பாலும் வீட்டுக்காரர் கீழே குடியிருக்க மேலே விடப்படும் இத்தகைய மாடிப் பகுதிகளே. பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் மாதப் பராமரிப்புத் தொகை வாடகைக்குள் அடக்கமா, புறம்பா என்பது கேட்டு எழுதப்பட வேண்டியது.

மின்சாரத்திலும் இதே கவனம் தேவை. வீட்டு மின்னிணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. மூன்று குடும்பங்களுக்கும் ஒரே இணைப்பு வைத்து, உள்ளே சப்-மீட்டர் எனப்படும் தனியார் அளவி பொருத்தி, ஒரே விலையில் கணக்கிட்டு வாங்கும் வீட்டில், குடியிருப்பவர் இலவச யூனிட்டை இழப்பதோடு பிறருடைய பயன்பாட்டால் ஏறிய விலையையும் சேர்த்தே கட்டுகிறார். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கே முதலிடம் தர வேண்டும்.

மலையை ஒட்டிய தெருக்களில் சமையலறை ஜன்னலுக்கும் மாடிக் கதவுக்கும் கம்பி வலை இருக்கிறதா என்று பார்க்கத் தவறக் கூடாது. இல்லாவிட்டால் குரங்குகள் முதல் நாளே அரிசி டப்பாவைத் திறந்துவிடும்.

அட்வான்ஸ், போக்கியம், ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களுக்கான இச்சட்டத்தின் கீழ் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம், அதாவது இதற்கென நியமிக்கப்பட்ட துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம், பதிவு செய்யப்பட்டுப் பதிவு எண் பெற வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இங்கே பொருந்தாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையே சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியிலிருந்து தோன்றிய வழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. வீடு எந்த உள்ளாட்சி எல்லைக்குள் வருகிறது என்பதை வீட்டுவரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மாநகராட்சியின் விளிம்பில், ஊராட்சிகளாக இருந்த பகுதிகளில் வீடு எடுப்போருக்கு இது முக்கியம்.

எழுத்து ஒப்பந்தத்தை வீட்டுக்காரருக்கான பாதுகாப்பு என்று மட்டும் கருதி, ‘நம்பிக்கைதான் முக்கியம்’ என்று விட்டுவிடும் வாடகைதாரர்கள் பலர். ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்ளாமையே வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாக இச்சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால், எழுத்தில்லாமல் குடியிருப்பவரே பலவீனமான நிலையில் இருக்கிறார். சீசனுக்கு வாடகை ஏறும் இவ்வூரில் அந்தப் பலவீனம் விலை உயர்ந்தது. எழுதப்பட்டு, காலமும் வாடகை உயர்வும் குறிக்கப்பட்ட ஒப்பந்தம் கையில் இருந்தால், மார்கழியில் வெளிநாட்டு விருந்தினருக்காகக் காலி செய்யக் கேட்கப்படும் குடும்பம் அச்சமின்றி மறுக்க முடியும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்ற முயல்வதையும் சட்டம் தடுக்கிறது. பழுது பார்ப்பதற்கோ பிற காரணத்துக்கோ வீட்டுக்குள் வர விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும்.

அட்வான்ஸ் எனப்படும் பிணைத்தொகை, வேறுவிதமாக உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. 2021இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வரம்பையே பரிந்துரைக்கிறது. பெங்களூரிலோ பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ‘வேறுவிதமாக உடன்பாடு’ என்ற வாசகம் வீட்டுக்காரருக்கு இடம் கொடுக்கிறது என்பதால், கையெழுத்திடுமுன் பேசிக் குறைப்பதே வழி. வீட்டைக் காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, இத்தொகை திருப்பித் தரப்பட வேண்டும்.

பழுதுகளை யார் பார்ப்பது என்பதற்கும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரையறை தருகிறது. கட்டடத்தின் அமைப்புசார் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வண்ணம், குழாய்ப் பாதைகளை மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. காலி செய்யும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. அதை ஏற்பதானால் தொடக்கத்திலேயே எழுதி ஏற்க வேண்டும். இறுதியில் அறிந்து திகைப்பதற்கு அது தேவையற்ற செலவு.

மாத வாடகைக்கு மாற்றாக வடதமிழகத்தில் வழங்குவது போக்கியம். ஒரு பெருந்தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குறித்த ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவதே இம்முறை. பிற இடங்களில் இதனை ஒத்தி என்பர், பேச்சில் லீஸ் என்றும் சொல்வர். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை என்ற கணக்கு கவர்ச்சியானதே. ஆனால் போக்கியம் தரும் குடும்பம் உண்மையில் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவராகிறது, அக்கடனுக்கு ஈடாக இருப்பது அந்த வீடு ஒன்றே. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி போக்கிய அடமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் அமைய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரு சாட்சிகள் கையெழுத்திட்டால் அது ஈடாகாது. பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ், அதாவது அச்சொத்தின் மேல் பதிவான விற்பனைகளையும் அடமானங்களையும் காட்டும் பதிவுத்துறைச் சான்று, எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. வங்கிக் கடன் முன்பே இருந்தால் வங்கியின் உரிமையே முந்தும். மகளின் திருமணத்துக்கோ மேற்படிப்புக்கோ சேர்த்த பணத்தைப் பதிவில்லாத போக்கியத்தில் வைப்பதை இந்நூல் எவ்வகையிலும் பரிந்துரைக்கவில்லை.

கோயில் நிலத்தில் அமைந்த வீடுகளுக்கு இன்னொரு சொல் உண்டு. நிலம் கோயிலுக்கும் அதன்மேல் உள்ள கட்டடம் தனியாருக்கும் உரியதாக இருந்து, கட்டடக்காரர் நிலத்துக்காகக் கோயிலுக்குச் செலுத்துவது அடிமனை வாடகை. அத்தகைய வீட்டை எடுப்பவர், தம் வீட்டுக்காரரே ஒரு வாடகைதாரர் என்பதை உணர்ந்து, அடிமனை ரசீது நடப்பில் உள்ளதா என்று பார்ப்பது தகும்.

வீட்டுக்காரர் விதிக்கும் நிபந்தனைகள் அட்வான்ஸுக்கு முன் தெளிவாக வேண்டும். அசைவம் சமைக்கக் கூடாது என்பது கோயிலையும் ஆசிரமங்களையும் சுற்றிய தெருக்களில் அடிக்கடி கேட்கப்படுவது. ஏற்க முடியாத குடும்பம் மறைத்துக் குடியேறுவதைவிட வேறு வீடு பார்ப்பது நிம்மதி. ஊர், தொழில், எத்தனை பேர் என்று கேட்பது இயல்பு. சாதியைக் கேட்பதோ, சுற்றி வளைத்து ‘நீங்க எந்த ஆளுங்க’ என்று கேட்பதோ நியாயமற்றது, அதற்குப் பதில் சொல்ல எவரும் கடமைப்பட்டவர் அல்லர். தீபத்தன்று வீட்டுக்காரரின் உறவினர் வந்து தங்க மொட்டை மாடி வேண்டும், வாசலில் அன்னதானப் பந்தல் போடப்படும் என்பன போன்றவை இவ்வூருக்கே உரிய பேச்சுகள். நல்லுறவோடு ஒப்புக்கொள்ளத் தக்கவை, ஆனால் எத்தனை நாள் என்பதோடு சேர்த்து.

குடியேறும் நாள், காலி செய்யும் நாள்

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோவதைப் பெரும்பாலான குடும்பங்கள் தவிர்க்கின்றன. கோடை விடுமுறையில் பள்ளி மாற்றத்தை ஒட்டித் தேவை கூடுகிறது. எனவே ஆடியில் வீடு பார்த்து, வாடகை பேசி, ஆவணியில் குடியேறத் திட்டமிடுபவருக்குப் பேரம் சாதகமாக அமையும். நல்ல நாளில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களை இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொண்டுவருவதும் உண்டு என்பதால், வாடகை பால் காய்ச்சிய நாளிலிருந்தா, குடிவந்த நாளிலிருந்தா என்பதை வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் தேதியாகவே எழுத வேண்டும். சாமான் வண்டியைப் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் தள்ளியும், தீபத் திருவிழாவின் நாட்களை முற்றிலும் தவிர்த்தும் வரச் சொல்ல வேண்டும்.

சாவி வாங்கும் நாளில் மின்மீட்டரின் எண்ணையும், ஒவ்வொரு அறையின் சுவரையும், விரிசல் விழுந்த கண்ணாடியையும், உடைந்த தாழ்ப்பாளையும் தேதி தெரியும்படி கைபேசியில் படமெடுத்து, அப்படங்களை அன்றே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட வேண்டும். வாடகையை வங்கி வழியாகவோ ரசீது பெற்றோ செலுத்தி வர வேண்டும். காலி செய்யும்போது ஒப்பந்தத்தில் குறித்த கால அளவுக்கு முன் எழுத்தில் அறிவித்து, கடைசி மின்கட்டணத்தைச் செலுத்திய ரசீதோடு மீட்டரை மீண்டும் படமெடுத்து, வீட்டுக்காரரின் முன்னிலையில் அறை அறையாகப் பார்த்து, அட்வான்ஸில் கழிக்கப்படும் தொகை எவ்வளவு என்பதை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திட்ட பின்பே சாவியைக் கொடுக்க வேண்டும்.